கால் உள்ள பேய்

மார்ச் மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, டயர் கடை மாடியில் நடந்த பேய்க்கதை வட்டத்தின் கூட்டத்துக்கு ஒரு பேய் வந்து ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தது. முந்தைய வாரம் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாசித்த கதையில் இருந்த பேய்தான் அது. வெள்ளை உடுப்பு, விரித்த தலை, இடது காலை இழுத்து இழுத்து வைக்கும் நடை, எதிலும் மாற்றமில்லை. கூட்டத்துக்கு இடம் கொடுத்திருந்த டயர் கடை முதலாளி மின்விசிறியை அதன் பக்கம் திருப்பிவிட்டார். டீ சொன்னபோது அதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார்கள். அது குடிக்கவில்லை, வீணாகப் போவானேன் என்று பல் டாக்டர் குடித்தார்.

வட்டத்துக்கு ஒரு விதி உண்டு. கதையைப் பற்றி மற்றவர்கள் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. ஆளாளுக்குத் தன் கதைக்கே வக்கீலாகி வாதாடிக் கூட்டம் இரண்டு முறை கைகலப்பில் முடிந்த பிறகு கொண்டுவந்த விதி அது. அன்றும் கண்ணாடிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வெள்ளை டிரஸ், விரிச்ச தலை எல்லாம் அரதப் பழசு," என்று தொடங்கினார் பல் டாக்டர். பேய் தலைமுடியை அள்ளிக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டது. "ஆனா அந்தக் கால் இருக்கு பாருங்க, அங்கதான் மனுஷன் ஜெயிச்சுட்டார். பேய்க்குக் கால் தரையில படாதுன்னுதானே நாம எல்லாரும் எழுதறோம்? இவர் பட விட்டுட்டார். இழுத்து ஒரு சத்தம், ஊன்றி ஒரு சத்தம். நினைச்சா இப்பவும் உடம்பு சிலிர்க்குது." கணக்கு டீச்சர், "இந்த நடைய எங்கிருந்து சார் பிடிச்சீங்க?" என்று கேட்டார். விதி இருந்ததால் கண்ணாடிக்காரர் பதில் சொல்லவில்லை. விதி இருந்தது அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது.

அது அவருடைய அக்காவின் நடை. ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போன அக்கா, இரண்டு தெரு தள்ளி, துணிகளைப் பிரித்துத் தைத்து அளவு சரிசெய்து தரும் கடை வைத்திருந்தார். பெற்றோர் போன பிறகு அக்காவும் தம்பியும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள். சிறுவயதில் கூடத்தில் அந்தச் சத்தம் கேட்டால்தான் தம்பிக்குக் கண் அசரும். கதை எழுதியபோது காற்று, கதவு, நாய் என்று எதையெதையோ ஊளையிட வைத்துப் பார்த்தார், பயம் வரவில்லை. கடைசியில் அந்தச் சத்தத்தை எடுத்து ஓர் இருட்டு நடைபாதையில் வைத்தார். வந்துவிட்டது.

கூட்டம் முடிந்ததும் பேய் அவர் பின்னாலேயே வீட்டுக்குப் போனது. கதவைத் திறந்த அக்கா, "யாருடா இது?" என்றார். பேய் உள்ளே நுழைந்து கூடத்திலிருந்து சமையலறை வரை நடந்தது. பின்னாலேயே போன அக்கா பாதியில் நின்றுவிட்டார்.

"இது என் நடைதானே?"

"கதைதான்க்கா. சும்மா கற்பனை."

"கற்பனைதானே, ரெண்டு காலையும் நல்லா வச்சே பண்ணியிருக்கலாமே." பேய்க்கு வழிவிட்டபடி, "ஜனங்க பயந்தாங்களா?" என்று கேட்டார்.

தம்பி தலையாட்டினார். "அப்ப நல்லாத்தான் எழுதியிருக்க. கை கழுவிட்டு வா, சாப்பிடலாம்," என்று சொல்லிவிட்டு அக்கா தட்டை எடுத்து வைத்தார்.

மறுநாள் காலையிலிருந்து அக்காவின் கால்கள் தரையில் பாவவில்லை. நான்கு விரற்கடை உயரத்தில், சத்தமே இல்லாமல், அடுப்புக்கும் துணிக்கொடிக்கும் போய்வந்தார். எலும்பு டாக்டர் பார்த்துவிட்டு, கோளாறு ஒன்றுமில்லை, மழைக்காலத்தில் வழுக்காமல் இருக்கும் என்றார். தம்பி வீட்டில் இருக்கும்போது மட்டும்தான் இப்படி. அவர் வாசல் தாண்டியதும் மேலே பழையபடி நடமாட்டம் கேட்கிறது என்று கீழ்வீட்டுக்காரி சொன்னாள். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கால கீழ வையேன்க்கா," என்று தம்பி கெஞ்சினார். அக்கா கோபமே இல்லாமல், "வேணாம்டா, நீ பயந்துக்குவ," என்றார்.

அந்த ஆண்டு வட்டம் வெளியிட்ட தொகுப்பில் அவருடைய கதைதான் முதல் கதை. அச்சுக்குப் போகுமுன் எடுத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் அவர் தொகுப்பாளரான பல் டாக்டரைத் தேடிப் போனார். டாக்டர் வாசலிலேயே கையைப் பிடித்துக் குலுக்கினார். பாராட்டை வாங்கிக்கொண்டு கண்ணாடிக்காரர் திரும்பிவிட்டார். வெளியீட்டன்று குடும்பத்தினருக்கும் அழைப்பு போயிருந்தது. கதையைப் பற்றிய பேச்சு பாதியில் இருந்தபோது, மாடிப்படியில் இழுத்து ஒரு சத்தம், ஊன்றி ஒரு சத்தம் கேட்டது. பேய் ஜன்னலோரம் அசையாமல் இருந்ததால் கூட்டம் இன்னும் ரசித்தது. "பலே, சவுண்ட் எஃபெக்ட் எல்லாம் வச்சு அசத்தறீங்களே!" என்று பல் டாக்டர் கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். அக்கா வாசலில் வந்து நின்றார். அன்று அவர் கால்கள் தரையில் நன்றாகப் பதிந்திருந்தன. ஒவ்வொருவராகக் கைதட்டலை நிறுத்தினார்கள். கணக்கு டீச்சர் அக்காவின் காலைப் பார்த்தார், பேயின் காலைப் பார்த்தார், "சார், இவங்க யாரு?" என்று கேட்டார். பேச்சு இன்னும் முடிந்திருக்கவில்லை. கண்ணாடிக்காரர் விதியைக் காப்பாற்றினார். அன்றைக்கு அவர் வாயைத் திறந்திருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டோம் என்று டயர் கடை முதலாளி பிற்பாடு பலரிடம் சொன்னார். அக்காவே, "நீங்க பேசி முடிங்க, நான் கேட்டுக்கிட்டிருக்கேன்," என்று பேயின் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகு அட்டைப் படத்தைப் பற்றி மட்டுமே பேசினார்கள்.

அந்த வாரமே அக்கா தன் கடையின் பின்னறைக்குக் குடிபோனார். பேயும் கூடவே போனது. அங்கே இருவரும் தரையில் நடக்கிறார்கள். துணி கொடுக்க வருபவர்கள் முதலில் வாசலோடு நின்றார்கள், பிறகு பழகிவிட்டார்கள். பேய் அளவெடுத்தால் பிசகாது என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கண்ணாடிக்காரர் அக்காவைப் பார்க்கப் போகிறார். தெருமுனையில் அவர் தலை தெரிந்ததும் அக்கா தரையிலிருந்து நான்கு விரற்கடை எழும்பிக்கொள்கிறார். பேய் காலை இழுத்தபடி வந்து அவருக்கு நாற்காலி எடுத்துப் போடுகிறது.