குனிகோ கைதட்டும் வரை

1

இந்தக் கதை எனக்குக் கோயிலுக்குள் கிடைக்கவில்லை. வெளியே, பக்கத்தில் மதில் ஏதுமில்லாத இரண்டு தூண் கல் வாயிலருகே நின்றபோது கிடைத்தது. ஏன் வெளியே நின்றேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் தொடக்கம்: ஜப்பானில், மட்சுயே நகரின் பழமையான கோயிலில், பனி மெல்ல விலகிய அந்தக் காலையில்... (அடித்துவிட்டேன். பனி எல்லாக் கதையிலும்தான் விலகுகிறது.)

இரண்டாவது: சனாயேயின் அப்பா இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. தீட்டு. அவள் வாயிலைத் தாண்டக் கூடாது. மகன் டோமோயாவுக்கோ இன்று மதியம் இதயத்தில் அறுவை சிகிச்சை.

இது போதும்.

2

அவளுக்காக உள்ளே போக வந்திருப்பவள் மூத்த ஓரகத்தி குனிகோ. அவள் வைத்த புத்தாண்டு சூப்பில் உப்பு தூக்கல் என்று சனாயே வாய்விட்டதிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. [குனிகோவை வில்லியாக்கத்தான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்து கெடுத்துவிட்டாள்.]

"தூணுக்கு அந்தப் பக்கமா சுத்தி வந்துடேன். யாரு பாக்கறா?"

"சாமி பாக்கும்க்கா."

"வாசல் வழியா வந்தாத்தான் அதுக்குக் கண்ணு தெரியும்!"

"புள்ள விஷயம்க்கா, விளையாடாதீங்க. முதல்ல சாமிகிட்ட ஊரு, தெரு, வீட்டு நம்பர் சொல்லுங்க. அப்புறம் பேரு."

"தெரியும்டி. நான் என்ன நேத்துப் பொறந்தவளா?"

"எம்மேல இருக்கற கோவத்துல..."

(அவள் முடிக்கவில்லை. நானும் முடித்துவைக்கவில்லை.)

குனிகோ கைப்பையை அவளிடம் கொடுத்தாள். வாயிலில் தலைகுனிந்துவிட்டு உள்ளே போனாள்.

3

முடிவு அ: குனிகோ மனமுருகி வேண்டுகிறாள்.

முடிவு ஆ: பிள்ளை பேரை மறந்துவிட்டுத் தன் முட்டிவலியைச் சொல்லிவிட்டு வருகிறாள்.

வெளியே நிற்பவளுக்கு இரண்டும் ஒரே சத்தம்தான்: குனிந்து கும்பிடும்போது அங்கே வழக்கமாகத் தட்டும் இரண்டு கைதட்டல். சனாயே பையை நெஞ்சோடு அணைத்தபடி அதற்குத்தான் காத்திருக்கிறாள். இன்னும் கேட்கவில்லை.

பின்னாலேயே போய்ப் பார்த்து எழுதவேண்டியதுதானே என்பீர்கள். முடியாது. என் அம்மா போய்ச் சேர்ந்தது போன வாரம். எனக்கும் தீட்டு. சனாயே வேண்டாமென்ற பக்கவழியில் நான் எப்படி நுழைவேன்? பயமாகவும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் தீட்டு ஒன்றும் இல்லையே? அப்படியானால் நீங்கள் போங்கள். குனிகோவை வேவு பார்க்க வேண்டாம். அவள் பக்கத்தில் நின்று இரண்டு முறை குனியுங்கள். மட்சுயே, ஆற்றங்கரைத் தெரு, பன்னிரண்டாம் எண் வீடு. டோமோயா, ஏழு வயது.

கொஞ்சம் சத்தமாகவே கைதட்டுங்கள். நாங்கள் இருவரும் வெளியேதான் நிற்கிறோம்.