இறகு வைத்த பாவாடை

மலைச்சாலையின் கடைசி வளைவில் கடை போட்டிருந்த தையல்காரருக்குக் காலையிலிருந்தே வயிறு எரிந்தது. சுற்றுலா அதிகாரி மேசைமேல் விரித்த படம்தான் காரணம். ஊருக்கு நூறு வயதாகிறதாம். விழா மேடையில் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு பிள்ளை, அவரவர் பாரம்பரிய உடையில் ஏற வேண்டுமாம். ஆடு மேய்த்தவர்களுக்குக் கம்பளி, வியாபாரிகளுக்குச் சரிகை. மலையை உடைத்துச் சாலை போட்டவர்கள் தையல்காரரின் இனத்தார்; அவர்களுக்குச் சிவப்புப் பாவாடை, இடுப்பைச் சுற்றி இறகு!

"சார், எங்க ஆளுங்க இறகு வச்சதே கிடையாது. யாரு சொன்னது உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. உங்களுக்குன்னு ஒண்ணும் கிடைக்கல, நாங்களே வரைஞ்சோம். அழகா இல்ல?"

"எங்க தாத்தனுங்க முதுகுல சாக்கைப் போட்டுக்கிட்டுக் கல்லு சுமந்தாங்க. அதுதான் சார் எங்க உடை."

"நல்ல நாளும் அதுவுமா சாக்கையா மேடையில ஏத்தறது?" அதிகாரி சிரித்துக்கொண்டே ஜீப்பில் ஏறிவிட்டார்.

எவன் வீட்டுப் பாரம்பரியத்தை எவன் வரைவது? படத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருப்பார். ஆனால் மேடையேறப் பள்ளிக்கூடத்தில் தேர்ந்தெடுத்திருந்தது அவருடைய மகளை. தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தார். இரண்டு ஊசி உடைந்தது. பாழாய்ப்போன கைக்கு மட்டும் மோசமாகத் தைக்கத் தெரியவில்லை.

சாயங்காலம் மகள் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"எப்படிப்பா இருக்கேன்?"

"பொய்யா இருக்க!" அடக்கி வைத்ததெல்லாம் வெடித்தது. "இந்த ரோட்டுக்காக மண்ணு சரிஞ்சு செத்தவங்கடி நாம. அந்தாளுக்கு அது அழகா இல்லையாம். கோழி மாதிரி இறகு கட்டி ஆட விடறான்!" கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார்.

மகள் இரண்டு கையாலும் இறகுகளைப் பொத்திக்கொண்டாள்.

"வெட்டாதீங்கப்பா. சாக்கு கதை எனக்கும் தெரியும். கிளாஸ்ல என்னை யாரும் பேரு சொல்லிக் கூப்பிடறதில்ல. சாக்குமூட்டைன்னுதான் கூப்பிடறாங்க. இதைப் போட்டா ஒரு நாளாவது அப்படிக் கூப்பிட மாட்டாங்க."

தையல்காரர் கத்தரிக்கோலை மேசைமேல் ஓங்கி வைத்தார்.

"கழட்டிக் குடு."

அவள் நகரவில்லை.

"குடும்மா. பின்னால ஒரு இறகு ஆடுது. இறுக்கித் தைக்கணும்."