கைவிரிப்பு

வெயில் கூரைத் தகரத்தில் ஏறுவதற்கு முன்னர் பிசின் வேலையை முடித்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கலக்கிய பிசின் கிண்ணத்துக்குள்ளேயே இறுகிவிடும். அதனால்தான் கோப்பாயில் அந்தப் பழைய வெங்காயக் கொட்டிலுக்குப் பெண்கள் விடியும் முன்னரே வந்து சேர்ந்தார்கள். வெங்காயம் போய்ப் பல வருசமாகிவிட்டது. ஆனாலும் மழைக்காலத்தில் சுவர் இன்னும் வெங்காயம் மணக்கும். வேலியோடு சைக்கிள்களைச் சாத்திவிட்டு, ஈரம் காயாத தலையை முடிந்துகொண்டு, நீள மேசைகளில் குனிந்தார்கள் என்றால் நிமிர நேரமாகும். ஈயம் ஒட்டுகிற புகை மூக்கில் ஏறும். பிசின் நெடி தொண்டையைக் கவ்வும். முதுகெலும்பு வலிக்கிறது என்று சொல்லக்கூட வாய் திறக்கமுடியாது. மூச்சுப் பட்டால் தலைமயிர் போன்ற கம்பி அசைந்துவிடும்.

உதயகலாவின் மேசை ஆகக் கடைசியில். அவள் செய்வது கிணற்றுக்குள் இறக்குகிற முனை. சின்னக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய கம்பிகளை நிறுத்தி, பிசினை ஊற்றி, குழாயின் அடியை இடது பெருவிரலால் அமத்தி மெல்லத் திருப்பவேண்டும். உள்ளே நிற்கிற காற்று வெளியேறிவிடும். காற்றுக் குமிழ் ஒன்று நின்றாலும் கிணற்றுக்குள் முனை ஒழுகும். இந்த வேலையால் அவளுடைய பெருவிரலில் ரேகை தேய்ந்துபோயிற்று. கைபேசியில் விரலை வைத்தால் அது அவளை அடையாளம் காண்பதில்லை. "உனக்கே நீ ஆரெண்டு தெரியாமல் போச்சு" என்று பக்கத்து மேசைக் குணலட்சுமி பகிடி பண்ணுவாள்.

அவர்கள் செய்தது ஒரு சின்னப் பெட்டி. அதற்கு வாயில் நுழையாத ஓர் இங்கிலீசுப் பெயர் இருந்தது. தோட்டக்காரருக்கு அது உப்புப்பெட்டி. முனையைக் கிணற்றில் இறக்கி, பெட்டியை மோட்டரோடு பொருத்திவிட்டால் போதும். இறைக்க இறைக்க அடியிலிருந்து உவர் ஏறும்போது பெட்டி கத்தும், மோட்டர் தானாக நிற்கும். பெட்டி இல்லாதவன் கண் அயர்ந்த நேரத்தில் உவர்த்தண்ணீர் பாய்ந்து மிளகாய்க் கன்று கருகும். கோப்பாயிலிருந்து சண்டிலிப்பாய் வரைக்கும் எத்தனையோ கிணற்றுக் கட்டுகளில் இந்தப் பெண்களின் பெட்டி கத்திக்கொண்டிருந்தது.

பெரிய கொம்பனி சின்னக் கொம்பனியை வாங்குவதைப் பத்திரிகைகள் கலியாணச் செய்தி மாதிரி எழுதும். பெண் வீட்டில் யார் அழுதார்கள் என்று எழுதுவதில்லை. உப்புப்பெட்டியை வாங்கிய செய்தியும் அப்படித்தான் வந்தது. கொம்பியூட்டர் செய்து உலகம் முழுக்க விற்கிற பெரிய கொம்பனி அது. முதலாளி ஜெயரூபன் கேக் வெட்டி எல்லோருக்கும் தன் கையாலேயே கொடுத்தான்.

"எங்களை வாங்கியிட்டினம் அக்காமார்! இனி எங்கடை பெட்டி எல்லா நாட்டுக்கும் போகும்."

ஜெயரூபன் கெட்டவனில்லை. லண்டனில் படித்துவிட்டுத் திரும்பி வந்து, தகப்பனின் கொட்டிலில் இதைத் தொடங்கியவன். மேசைகளைப் பெண்களோடு சேர்ந்து தானும் தூக்கிப் போட்டவன். வேலைக்கு எடுத்தபோது ஒருத்திக்கும் நியமனக் கடிதம் கொடுக்கவில்லை. "நாங்கள் ஒரு குடும்பம், கடிதம் என்னத்துக்கு?" என்றான். கேட்கிறபோது நெஞ்சு குளிர்ந்தது.

பெரிய கொம்பனி ஆட்கள் படம் பிடிக்க வருகிறார்கள் என்றதும் கொட்டில் திருவிழாவாயிற்று. வாசலில் நிறைகுடம் வைத்தார்கள். உதயகலா துணிப்பெட்டியில் கிடந்த நாவல் நிறச் சேலையை உடுத்தினாள். குருநகரிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிற றெஜினா, ஈஸ்டருக்குத் தைத்த சட்டையோடு வந்து நின்றாள். குணலட்சுமி முகத்துக்குப் பூசிய பவுடரில் பாதி கழுத்தில் கிடந்தது.

கமராக்காரன் முகங்களைப் பார்க்கவே இல்லை. கமராவை மேசைக்கு நேரே கவிழ்த்துவைத்து, கைகளை மட்டும் எடுத்தான். "மெதுவாச் செய்யுங்கோ அக்கா, இன்னும் மெதுவா" என்றான். வளையல் சத்தம் போடுகிறது, கழற்றுங்கள் என்றான். உதயகலா கழற்றி வைத்தாள். தன் வேலை முடிந்த பிறகும் மேசை மேசையாகப் போய், "கையை மறைக்காதையுங்கோ, வடிவாய்க் காட்டுங்கோ" என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அவள்தான். உலகம் தன் கையைப் பார்க்கப் போகிறது என்று அன்றைக்கு அவளுக்கு அப்படி ஒரு சந்தோசம்.

"உந்தப் பவுடர் எல்லாம் வீண்" என்று குணலட்சுமி முகத்தைத் துடைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

சில மாதங்கள் போயின. ஒரு காலை, பிசின் வேலை முடிந்த கையோடு ஜெயரூபன் எல்லோரையும் கூப்பிட்டான்.

"இந்த மாதக் கடைசியோடை இஞ்சத்தை வேலை நிக்குது" என்றான். "பெட்டியை வெளிநாட்டிலை, அவையின்ரை சொந்தப் பக்டரியிலை செய்யப்போயினம்."

றெஜினாதான் முதலில் வாய் திறந்தாள்.

"எங்களை வாங்கினவை எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"கொம்பனியை வாங்கினவை. பெட்டியின்ரை உரிமையை வாங்கினவை. இந்தக் கொட்டில் அப்பாவின்ரை, அதைக்கூட வாங்கேல்லை."

குணலட்சுமி ஈயம் ஒட்டுகிற கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"கொட்டில் அப்பாவின்ரை. பெட்டி அவையின்ரை. நாங்கள் ஆரின்ரை தம்பி?"

"குணமக்கா, அப்பிடிக் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

"அண்டைக்குக் குடும்பம் எண்டு சொன்னனீங்கள். அதைத்தான் கேக்கிறன்."

"என்ரை கையிலை ஒண்டுமில்லை அக்கா." இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். மெத்தென்ற, தழும்பில்லாத கைகள்.

முறையிடத் தொழில் கந்தோருக்குப் போனார்கள். அங்கேயிருந்தவர் நல்ல மனிதர், இருக்கச் சொல்லித் தண்ணீரும் கொடுத்தார். நியமனக் கடிதம் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அவரும் கைவிரித்தார். தேர்தலுக்கு வீடு வீடாக வந்து கும்பிட்டவர் தொலைபேசியையே எடுக்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் யன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். எங்கே போய் முட்டுவது என்று தெரியாத கோபம் மனிதரை அப்படித்தான் ஊமையாக்கிவிடும்.

அந்த வாரமே ஜெயரூபன், கொட்டிலுக்குப் பின்னால் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த உதயகலாவிடம் வந்தான்.

"உதயாக்கா, ஒரு சின்ன உதவி. அண்டைக்கு எடுத்த படத்திலை ஓரிடம் தெளிவில்லையாம். வெள்ளிக்கிழமை திரும்ப எடுக்க வருவினம்."

"ஆருக்குத் தெளிவில்லை?"

அவன் கிணற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அங்கை பக்டரியிலை புதுசாய் வேலை பழகிற பிள்ளையளுக்கு. மற்ற வேலையெல்லாம் படத்தைப் பாத்தே செய்யினமாம். முனை மட்டும் ஒழுகுதாம். உங்கடை வலக்கை மறைச்சுப்போட்டுது, இடது பெருவிரல் என்ன செய்யுதெண்டு தெரியேல்லையாம்."

உதயகலாவின் கையில் சவர்க்கார நுரை அப்படியே நின்றது. முகத்தை ஏன் எடுக்கவில்லை என்பது அவளுக்கு இப்போது விளங்கிற்று. முதலில் வந்தது கோபமில்லை, வெட்கம். நாவல் நிறச் சேலையும், கழற்றி வைத்த வளையலும், "வடிவாய்க் காட்டுங்கோ" என்று தான் கத்திய குரலும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து அவளைக் குத்தின.

"உங்களுக்காக நான் கதைச்சிருக்கிறன்" என்றான் ஜெயரூபன். "கொழும்புக் கிளையிலை ஒரு வேலை. நிரந்தரம். உங்களுக்கு மட்டும்தான். மற்ற ஆக்களுக்குச் சொல்லவேண்டாம்."

பின்னேரம் அவள் அடுப்பு மூட்டாமல் வாசற்படியில் இருந்தாள். புருசன் சுபாஸ்கரன் கதிரையில் சாய்ந்திருந்தான். மேசன் வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்த நாளிலிருந்து அவனுக்கு அந்தக் கதிரைதான். இந்த வீட்டில் உலை கொதிப்பது அவளுடைய பெருவிரலால். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.

"போகாதை எண்டு சொல்ல எனக்கு வாயில்லை உதயா" என்றான் அவன். பிறகு வேறு எதையோ நினைத்தவன் போலச் சொன்னான். "நான் விழுந்த அண்டைக்குக் வேலை எடுத்த கொந்திராத்துக்காரன் ஓடி வந்தவன். முறிஞ்ச பலகையைத்தான் தூக்கிப் பாத்தவன். என்ரை முகத்தைப் பாக்கேல்லை."

அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வேலைக்கு ஓம் என்றாலும் அழவேண்டும், இல்லை என்றாலும் அழவேண்டும். அப்படி ஒரு மூலையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த நாள் விடியலில், பிசின் கலக்கும்போதே, படம் எதற்கு என்பதை அவள் எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். கொழும்பு வேலையையும் மறைக்கவில்லை. கோல்கள் எல்லாம் தாங்கிக்குப் போயின.

"எங்கடை தலையிலை நாங்களே மண்ணை அள்ளிப் போட்டிட்டம்" என்றாள் றெஜினா. கண்ணில் தண்ணீர், வாயில் நெருப்பு. "அங்கை இருந்து பாத்துப் பழகிறாளவை... எங்கடை சோத்தைப் பறிக்கிறதுக்கெண்டே பழகிறாளவை!"

"அவளவையிலை என்னடி பிழை?" என்றாள் குணலட்சுமி. "எங்களைவிடக் குறைஞ்ச சம்பளத்துக்கு வேலைக்கு வந்த பெட்டையள். நாளைக்கு அவளவையின்ரை கையையும் ஒருத்தன் படம் பிடிப்பான். அதைக் காட்டி இன்னொரு நாட்டிலை இன்னும் குறைச்சுக் குடுப்பான்."

பிறகு உதயகலாவின் பக்கம் திரும்பினாள். "நீ போறதெண்டாப் போ பிள்ளை. உன்ரை வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும். ஒருத்தரும் குறை சொல்லமாட்டம்." சொல்லிவிட்டு ஈயக்கோலை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அவள் திட்டியிருந்தால் உதயகலாவுக்குச் சுகமாயிருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை வந்தது. நிறைகுடம் இல்லை, பவுடர் இல்லை. கமராக்காரன் விளக்கைப் போட்டு, கமராவை மேசைக்கு நேரே கவிழ்த்தான். கொழும்புக் கிளையிலிருந்து வந்த அதிகாரிப் பெண் கைபேசியைப் பார்த்தபடி நின்றாள். பிசினை ஜெயரூபனே கலக்கிக் கொண்டுவந்து வைத்தான். மற்றப் பெண்கள் தங்கள் மேசைகளில் குனிந்திருந்தார்கள். ஆனால் ஒரு கோலிலிருந்தும் புகை எழவில்லை.

"வளையலைக் கழட்டுங்கோ அக்கா" என்றான் கமராக்காரன்.

"இண்டைக்குக் கழட்டமாட்டன்."

அவன் தோளைக் குலுக்கிவிட்டுக் கமராவைத் தட்டினான். சிவப்பு வெளிச்சம் எரிந்தது.

உதயகலா குழாயைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். கொழும்பையும் கதிரையில் சாய்ந்திருக்கிறவனையும் நினைத்தாள். இரண்டு கைகளையும் மேசையில் வைத்தாள். மெல்லத் திருப்பி, உள்ளங்கை மேலே தெரிய விரித்தாள்.

"செய்யுங்கோ அக்கா, எடுக்குது" என்றான் கமராக்காரன்.

"உதயாக்கா, என்ன?" என்று ஜெயரூபன் கிட்ட வந்தான்.

"என்ரை கையிலை ஒண்டுமில்லை தம்பி."

பின்னால் ஒரு கதிரை நகர்கிற சத்தம் கேட்டது. குணலட்சுமி வந்து, உதயகலாவின் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளை விரித்து வைத்தாள். றெஜினா வந்தாள். பிறகு ஒவ்வொரு மேசையிலிருந்தும் எழுந்து வந்தார்கள். மேசை நிறைந்துபோயிற்று. இடம் போதாதவர்கள் முன்னால் நின்றவர்களின் தோளுக்கு மேலாகக் கைகளை நீட்டினார்கள். ஈயம் சுட்ட தழும்புகளும், பிசின் காய்ந்து மஞ்சளித்த நகங்களும், ரேகை தேய்ந்த விரல்களுமாகக் கமரா முழுக்கக் கைகள். ஒன்றுகூட அசையவில்லை.

அதிகாரிப் பெண் கைபேசியிலிருந்து நிமிர்ந்தாள். "உங்களுக்கு இப்ப என்ன வேணும்?"

"எங்கடை முகத்தைப் பாத்துக் கதைக்கவேணும்" என்றாள் குணலட்சுமி. "தனித்தனியாய்க் கிணத்தடியிலை வைச்சில்லை. எல்லாரோடையும், ஒண்டாய். வேலைக்கும் நட்டஈட்டுக்கும் ஒரு பதில் சொல்லவேணும்."

"எனக்கு அதுக்கு அதிகாரம் இல்லை."

"இருக்கிற ஆளைக் கூப்பிடுங்கோ. நாங்கள் எங்கை போறது? இஞ்சைதான் இருப்பம்."

அப்போதுதான் றெஜினா அதைச் செய்தாள். கைகளை எடுக்காமலே மேசைமேல் சரிந்து, அண்ணாந்து பார்த்து, தன் முகத்தைக் கமராவுக்குக் கொடுத்தாள்.

"தங்கச்சிமார், எங்கடை பாசை உங்களுக்கு விளங்காது. ஆரையும் கேட்டு அறியுங்கோ. உங்களோடை எங்களுக்குக் கோவமில்லை. உங்கடை கையையும் படம் பிடிக்க வருவாங்கள். வரேக்கை எங்களை நினைச்சுக்கொள்ளுங்கோ."

கமராக்காரன் அதை நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று பிறகு அவனுக்கே சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெருவிரல் வித்தையை வேறெங்கோ யாரோ ஒருநாள் தானாகவே கண்டுபிடிக்கலாம். மாதக் கடைசி வந்தே தீரும். இதெல்லாம் அந்த மேசையைச் சுற்றி நின்ற ஒவ்வொருத்திக்கும் தெரியும். உதயகலா கைகளை எடுக்கவில்லை. பக்கத்தில் குணலட்சுமியின் சின்னவிரல் அவளுடைய விரலில் பட்டுக்கொண்டிருந்தது. ஏனோ அது அவளுக்கு ஆறுதலாயிருந்தது.

வெயில் தகரத்தில் ஏறத் தொடங்கியிருந்தது. ஜெயரூபன் கிண்ணத்தைப் பார்த்தான், கைகளைப் பார்த்தான், கடைசியில் வேறு வழியில்லாமல் உதயகலாவின் முகத்தைப் பார்த்தான்.

"அக்கா, பிசின் இறுகுது."

"இறுகட்டும் தம்பி" என்றாள் உதயகலா.