பொட்டு வைத்த பதினொரு பேர்

இலங்கை மலைநாட்டில் எங்கள் டயகமப் பக்கத்துப் பனியைப் பற்றிச் சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. ஒரு மார்கழியில் துவாலை காயப்போடக் கொடி இல்லாமல், பனியின் மேலேயே போட்டுவிட்டு வந்தேன். பத்து மணிக்கு வெயில் வந்த பிறகுதான் அது கீழே விழுந்தது. சந்தேகமிருந்தால் மாயாண்டியைக் கேட்கலாம். பக்கத்தில் நின்று பார்த்தவன். செத்து இரண்டு வருடமாகிறது, அது ஒன்றுதான் குறை.

இந்தப் பனியில் ஒரு காகிதத்தை வைத்தால் மூன்று நாளில் பூஞ்சணம் பூத்துவிடும். அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் என் மகன் யோகேஸ்வரன் ஜப்பானிலிருந்து பொம்மைப் பெட்டிகளை அனுப்பி வைத்தான்.

அவன் போனது தொண்ணூற்றாறில். பழைய கார்களைப் பிரித்துப் போடும் இடத்தில் வேலை. அவனுடைய அம்மா அதற்கு முந்தின வருடமே செத்துப்போய்விட்டாள். கங்காணி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற நான், தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசையாக உள்ள அறைகளில் ஒரு காம்பரா, ஓர் அடுப்பு. குடும்பம் அவ்வளவுதான்.

மறுவருடம் முதல் பெட்டி வந்தது. அங்கிருந்து திரும்பிய கொட்டகலைக்காரர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார். பெட்டியின் முன்பக்கம் கண்ணாடித் தாள். உள்ளே ஒரு முழ உயரத்தில், கொம்பு முளைத்த ஆள். கவசம், ஈட்டி எல்லாம் இருந்தன. விரல்களில் நகம்கூட இருந்தது. கூடவே ஒரு கடிதம்.

"அப்பா, இது சின்னப் பிள்ளைகள் விளையாடும் சாமான் இல்லை. பெரிய மனிதர்கள் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைப்பது. உலகத்திலேயே ஐந்நூறுதான் செய்திருக்கிறார்கள். பெட்டியைத் திறக்கவே கூடாது. திறக்காமல் இருந்தால் வருடா வருடம் விலை ஏறும். ஏறியதும் நான் வந்து விற்று, ஹட்டனில் காணி வாங்கி வீடு கட்டுவோம். இங்கே ஒரே அறையில் ஆறு பேர், வைக்க இடமில்லை. இன்றைய விலை எட்டாயிரம் ரூபாய்."

அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் நூறு ரூபாயைத் தொட்டிருக்கவில்லை. நான் அந்த ஆளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எட்டாயிரம் பெறுமதியானவர் என்னை ஏன் பார்க்க வேண்டும்?

வருடத்துக்கு ஒன்று, இரண்டு என்று பதினொரு பேர் வந்து சேர்ந்தார்கள். பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் அலமாரி அடித்துக் கண்ணாடி போட்டேன். பனி ஏறாமல் இருக்கக் கீழ்த்தட்டில் ஒரு தகரத்தில் அடுப்புக்கரி வைத்தேன். காம்பராவில் ஒரே காய்ந்த இடம் அதுதான். எனக்கு இருமல் வந்தால் அந்தப் பக்கமாகச் சாய்ந்து படுத்துக்கொள்வேன்.

பார்க்க ஆட்கள் வந்தார்கள். பக்கத்துக் காம்பரா பூரணி கொழுந்துக் கூடையை இறக்காமலேயே வந்து நிற்பாள்.

"மாமா, இந்தப் பொம்பள ஏன் சேல கட்டாம நிக்கிறா?"

"அவ சண்டைக்குப் போறவ. சேல தடுக்கும்."

"வெல எம்புட்டு?"

"நாப்பதாயிரம்."

"ஏ ஆத்தா! எங்க வீட்டுக்காரர வித்தாக்கூட அம்புட்டு வராதே."

மாயாண்டி வாசலில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். "ஒம் புருசன் பெட்டியிலயா இருக்காரு? தொறந்துல்ல கெடக்காரு. தொறந்ததுக்கு வெல கெடையாதுங்கிறாங்க கங்காணியாரு மகன்."

சண்டைக் காலம். எங்கள் லயத்தில் பதினொரு பேர் ஆயுதத்தோடு இருப்பதாக யாரோ பொலிசுக்குச் சொல்லிவிட்டார்கள். ஜீப் வந்தது. ஒரு சார்ஜன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். அலமாரியைப் பார்த்தார். இவர்கள் எந்த இயக்கம் என்று சிங்களத்தில் கேட்டார். ஜப்பான் இயக்கம் என்றேன். ஆளொன்றுக்கு விலை எவ்வளவு என்றார். சொன்னேன். தொப்பியைக் கழற்றிவிட்டார். சம்பளத்தில் பெரியவர்களுக்கு முன்னால் தொப்பி போடக் கூடாது என்பது அவர்களுடைய சட்டமாம்.

ஆட்கள் எத்தனை நாளைக்குப் பார்ப்பார்கள்? போகப்போக அவர்களுடைய வரத்து நின்றுவிட்டது. பிறகு நானும் அவர்களும்தான்.

காலையில் ஆறு மணிக்குத் தோட்டத்தில் ஆட்களைப் பெரட்டுக் கூப்பிட்டு வேலை பிரிக்கும்போது, நானும் அலமாரிக்கு முன்னால் நின்று பெயர் கூப்பிட ஆரம்பித்தேன். கொம்பன். ஒத்தக்கண்ணன். வெள்ளி மாரு. வாள்காரி. ஒவ்வொருவருக்கும் எந்த மலை, என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பேன். ஒருநாள் ஒத்தக்கண்ணன் காய்ச்சல் என்று அரைநாள் கேட்டான். கொடுத்தேன். அதற்கு மறுநாள் மற்றப் பத்துப் பேரும் கேட்டார்கள். ஆட்களிடம் இரக்கம் காட்டினால் இதுதான்.

மாதம் ஒரு தடவை பஜாரில் உள்ள கொமியுனிகேஷன் கடைக்குப் போய் மகனின் அழைப்புக்குக் காத்திருப்பேன்.

"எப்பய்யா வார?"

"இப்ப வந்து வித்தா முட்டாத்தனம்ப்பா. கொம்பு வச்சது அறுவதாயிரத்துக்கு வந்துருச்சு. அடுத்த வருசம் எம்பது போகும்."

அடுத்த வருடம் கேட்டேன்.

"எம்பதுக்கு வந்துச்சாய்யா?"

"தொண்ணூறுப்பா! அதான் சொல்றேன், இப்ப விக்கவே கூடாது."

"விக்காட்டி போவுது. சும்மா ஒருக்கா வந்து மொகத்தக் காட்டிட்டுப் போ."

"டிக்கட் காசுல இன்னும் ரெண்டு பெட்டி வாங்கலாமேப்பா."

பொம்மைகள் ஒரு படி ஏறினால் ஹட்டன் காணி இரண்டு படி ஏறியது. இரண்டும் ஏற ஏற அவன் வரும் நாள் தள்ளிப்போனது. அம்மன் கோயிலில் எல்லாரும் சம்பளம் ஏற வேண்டும் என்று கும்பிடுவார்கள். விலை இறங்க வேண்டும் என்று கற்பூரம் கொளுத்தியவன் நான் ஒருவன்தான். அம்மனுக்கும் அது புதிதாக இருந்திருக்கும். ஒன்றும் செய்யவில்லை. கொம்பன் ஒன்றரை இலட்சத்தைத் தாண்டினான்.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம் ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்கு இரும்பு என்று எதுவும் தப்ப முடியாது. தொழிற்சாலை மெசின், லொறி, தராசு, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, தேங்காய் துருவி, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்போம். என் வீட்டில் இருந்ததோ ஒரு கத்திதான், அதற்கும் பிடி இல்லை. அலமாரியைத் திரும்பிப் பார்த்தேன். ஈட்டி, வாள், கோடரி, இரட்டைக் குழல் துப்பாக்கி. தோட்டத்திலேயே உண்மையான ஆயுதம் வைத்திருப்பவர்கள் இவர்கள்தான். இவர்களுக்குப் பொட்டில்லாமல் பூசை எப்படி?

பதினொரு பெட்டியையும் திறந்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று பிறகு மகனிடம் சொன்னேன். உங்களிடம் அப்படிச் சொல்லப் போவதில்லை. முதல் பெட்டியின் ஒட்டுத்தாளை ஓரம் ஓரமாகப் பிரித்தேன். நாலாவது பெட்டிக்குப் பிறகு கிழித்தே போட்டேன். ஆயுதத்துக்கு ஒரு பொட்டு, நெற்றிக்கு ஒரு பொட்டு. கொம்பனுக்குக் காது வரைக்கும் தாராளமாகவே வைத்தேன்.

அடுத்த அழைப்பில் சொன்னேன்.

"ஆயுத பூசைக்கு எல்லாருக்கும் பொட்டு வச்சேன்யா."

"பெட்டிக்கு மேலதானேப்பா?"

"பெட்டியா சண்ட போடுது?"

கடைக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அப்பா... தொறந்துட்டீங்களா?"

"இப்ப என்ன வெல போகும்?"

"பாதி வெலகூட வராதுப்பா. கொங்குமம் ஊறிப் போச்சுன்னா அதுவும் இல்ல."

"இனி ஏறாதுல்ல?"

"ஏறாது."

"அப்ப வா."

ஒன்பது நாளில் வந்துவிட்டான். பஸ்ஸிலிருந்து இறங்கிய ஆளுக்கு முன்மண்டையில் முடி இல்லை. நான் அனுப்பிய பிள்ளைக்கு இருந்தது. யாரோ என்று நினைத்து வழிவிட்டு ஒதுங்கினேன். "அப்பா" என்ற பிறகுதான் தெரிந்தது. காம்பராவுக்குள் வந்ததும் நேரே அலமாரிக்கு முன்னால் போய் முழங்காலில் உட்கார்ந்தான். நான் பாலில்லாத பிளேன்டி ஊற்றினேன். அது ஆறும்வரை அவன் எழும்பவில்லை.

மறுநாளே வேலையைத் தொடங்கினான். இமை மயிர் போல ஒரு தூரிகை, ஒரு குப்பியில் ஏதோ எண்ணெய். ஓர் ஆளுக்கு ஒரு நாள். திட்டவில்லை, கத்தவில்லை. பதினொரு ஆளுக்குப் பதினொரு நாள் என்று நான் கணக்குப் போட்டேன். போதாது என்று பட்டது.

அவன் பகலில் மலைத்தண்ணீர் விழும் பீலிக்குக் குளிக்கப் போவான். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி விழும், ஆனாலும் ஜப்பானில் பழகியவன், அரைமணி நேரம் நிற்பான். அந்த நேரத்தில் நான் குங்குமச் சிமிழை எடுப்பேன்.

நாலாம் நாள் வாள்காரியைக் கையில் தூக்கிப் பார்த்தான்.

"இத முந்தாநேத்துத் தொடச்சேனே?"

"தொடச்சியா? பனிக்கு உள்ள இருந்தது மேல ஊறி வரும்யா. நம்ம ஊர்ப் பனி அப்பிடி."

என் விரலைப் பார்த்தான். நான் அதை வேட்டியில் துடைத்தேன், வேட்டியும் சிவந்தது. அவன் தூரிகையை எடுத்து மறுபடியும் தொடங்கினான்.

துடைத்துக்கொண்டே சில நேரம் பேசினான். "அங்க ஞாயித்துக்கெழம லீவுப்பா. ரூம்ல இருக்க முடியாது. இதுக விக்கிற கடைக்குப் போயி சாத்துற வரைக்கும் நிப்பேன். வேற போற எடமில்ல." வேறொரு நாள், "கடக்காரனுக்கு மட்டுந்தான் எம்பேரு தெரியும்" என்றான். நான் என் பெரட்டைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதில் அவனுடைய எண்ணெய்க் குப்பியை நகர்த்தி வைத்தேன்.

பதினொரு நாள் வேலை இருபத்துமூன்று நாள் ஓடியது. சிமிழ் காலியாகி, பூரணியிடம் போய் நின்றேன்.

"ஒங்களுக்கு எதுக்கு மாமா கொங்குமம்?"

"மகன் வந்திருக்கான்ல" என்றேன். அவள் கை நிறையத் தந்தாள்.

திரும்பி வந்தபோது பொம்மைகள் எல்லாம் துணியில் சுற்றிப் பைக்குள் இருந்தன. கொம்பன் மட்டும் அவன் மடியில்.

"நாளைக்குக் கெளம்பணும்ப்பா. லீவு முடிஞ்சிருச்சு. கொழும்புல ஒரு ஆளு தொறந்ததையும் எடுக்கிறாராம்."

"காதுல இன்னும் செவப்பு இருக்கேய்யா."

"இருக்கட்டும். அதுக்கு அய்யாயிரம் கொறச்சிக் குடுத்துர்றேன்."

எட்டு வருடமாக ஒரு ரூபாய் குறைக்கச் சம்மதிக்காத பிள்ளை. குங்குமத்தைக் கைக்குள் வைத்தபடியே அடுப்படிக்குப் போனேன்.

காலை ஆறரை பஸ்ஸில் ஏறினான். ஜன்னலோரத்தில் பையை உட்கார வைத்துவிட்டு, அதற்கு அந்தப் பக்கம் அவன் உட்கார்ந்தான். நான் கையை அசைத்தேன். வளைவுகளில் பை சாயாமல் இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்ததால், அவன் தலையை மட்டும் ஆட்டினான்.