மூன்று விநாடி, பதினெட்டுத் துடிப்பு

மூன்றே விநாடிக்குள் பதினெட்டு முறை நெஞ்சு அடித்து, அதன் பிறகும் உயிரோடு உலாவிக்கொண்டிருப்பவன் இந்தப் பூமியில் நான் ஒருவன்தான். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். என் சம்பந்தி மட்டும் சிரிக்கமாட்டார். அந்த மூன்று விநாடியில் கோப்பையைக் கோட்டைவிட்டவர் அவர்தான்.

அப்போது நான், மேசைமேல் பந்தைக் கோலால் தட்டிக் குழியில் போடும் ஸ்னூக்கர் ஆட்டத்துக்கு நடுவர். எங்கள் தொழில்முறை சாம்பியன்ஷிப் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் பிறந்தது. முதல் ஆண்டு பார்வையாளர்கள் பதினோரு பேர். அதில் நான்கு பேர் மெத்தை வாங்க வந்து வழி தவறியவர்கள். இறுதிப்போட்டி ஒன்பது நாள் இழுத்தது. பிரம்மச்சாரியாக வந்து உட்கார்ந்த ஒருவர், இடையில் பெண் பார்த்துக் கல்யாணமும் முடித்து, கடைசி நாள் மாமியாரோடு வந்து சேர்ந்தார். ஆறாம் ஆண்டிலோ பெரிய அரங்கம், இரண்டாயிரம் பேர். காசு கொடுத்துவிட்டு மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்திருக்க வேறெங்கும் இப்படியொரு கூட்டம் சேராது. அந்த அமைதிதான் அவர்களுக்கு ருசி. எனக்கு அதுதான் பயம்.

அந்த ஆறாம் ஆண்டு இறுதிப்போட்டியில் இருவரும் சமநிலை. கடைசி ஆட்டம், மேசையில் மிச்சம் கறுப்புப் பந்து ஒன்றுதான். அதைப் போடுபவருக்குக் கோப்பை. 'ஒட்டகம்' என்று எல்லோரும் அழைத்த நெட்டையர் அடித்தார். பந்து ஊர்ந்து ஊர்ந்து, மூலைக் குழியின் விளிம்பில் போய் நின்றுவிட்டது. அந்தக் குழிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலியில் சம்பந்தி. அன்றைக்கு அவர் ஒட்டகத்தின் எதிராளி, அவ்வளவுதான்.

அப்படி நிற்கும் பந்து ஐந்து விநாடிக்குள் தானாக விழுந்தால் அடித்தவருக்கு. அதற்குமேல் விழுந்தால், எடுத்து விளிம்பிலேயே திரும்ப வைக்கவேண்டும். அடுத்தவர் லேசாகத் தட்டினால் போதும்.

நான் கடிகாரம் கட்டுவதில்லை. என் நாடி நிமிடத்துக்கு அறுபது; அதை வைத்தே எண்ணிப் பழக்கம். ஒருநாளும் பிசகியதில்லை. குழியருகே, அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நின்று எண்ண ஆரம்பித்தேன். ஐந்து. ஆறு. பத்து வந்ததும் எண்ணிக்கைமேலேயே சந்தேகம் வந்தது. நான் எண்ணுவது விநாடியையா, பயத்தையா? வெள்ளைக் கையுறைக்குள் விரல்கள் நனைந்தன. முழங்கால் மேசையில் இடித்து, என்னாலேயே பந்து விழுந்துவிடுமோ?

பதினெட்டில் விழுந்தது.

நாலாயிரம் கண்கள் என் வாயைப் பார்த்தன. மூலையில் வானொலி வர்ணனையாளர், பந்து நின்றதும் தொடங்கி, "கறுப்புப் பந்து... விளிம்புல... நிக்குது" என்று கிசுகிசுத்து அப்போதுதான் முடித்திருந்தார். நான்கு சொல்லுக்கு ஐந்து விநாடி ஆகுமா? அவரும் பயத்தில் இழுத்துப் பேசியிருந்தால்?

"ஏழு" என்றேன். கறுப்புக்கு ஏழு புள்ளி. கோப்பை ஒட்டகத்துக்கு.

பிறகு என் மகளை அவர் மகன் கட்டினான். முப்பது வருடமாக ஒவ்வொரு சாப்பாட்டிலும் இதே வழக்கு.

"பதினெட்டு எண்ணினேன்னு நீங்களேதான் சொல்றீங்க சம்பந்தி."

"அது என் துடிப்பு. விநாடி இல்ல."

"மனுஷ நெஞ்சா அது, தையல் மெஷினா?"

மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவைப்பேன். உள்ளுக்குள் உதறும். உண்மையிலேயே ஆறு விநாடியாக இருந்தால்? ஒரு மனிதனின் வாழ்நாள் கோப்பையைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டேனா?

போன வாரம் பேச்சுக்கு நடுவில் நெஞ்சு திடீரென்று ஓட ஆரம்பித்தது. சம்பந்திதான் மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். மார்பு முழுக்க ஒயர். தலைமாட்டில் இயந்திரம் கீச்கீச்சென்றது.

"நூத்தி எழுபதைத் தாண்டுது ஐயா, பேசாம படுங்க" என்றாள் நர்ஸ்.

சம்பந்தியின் முகத்தில் ஈயாடவில்லை. அவரைக் கொஞ்சம் சீண்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். குரல் நிஜமாகவே நடுங்கிவிட்டது.

"போறதுக்கு முன்னாடி கேட்டுடறேன் சம்பந்தி. நான் உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேனா?"

அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பழைய கடிகாரத்தை எடுத்தார்.

"அன்னிக்கு இது என் கோட்டுப் பையில இருந்துச்சு. பந்து நின்னதும் இதைத்தான் பார்த்தேன். பந்து விழறதுக்குள்ள விநாடி முள்ளு மூணு தடவைக்கு மேல நகரல."

"அடப்பாவி மனுஷா! அப்புறம் ஏன் முப்பது வருஷமா..."

"தோத்தவன் பேசறதுக்கு வேற என்ன இருக்கு? கத்தாதீங்க, அது இன்னும் ஏறுது."

"அப்போ அந்தப் பதினெட்டு?"

இயந்திரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கைக்கெட்டுற தூரத்துலதானே உக்காந்திருந்தேன்" என்றார். "அடிச்சுது சம்பந்தி. எனக்கே கேட்டுச்சு."