சேமித்து வைத்த அசைவுகள்

மார்சிலிங் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில், ஓர் அடுக்குமாடி புளோக்கின் ஒன்பதாம் மாடியில் குடியிருந்த ஹம்னாவுக்கு, நோன்புப் பெருநாள் கழிந்த வாரத்தில் அசைவுகள் குறையத் தொடங்கின. கைகால் மரத்துப்போனது, உடம்பு தளர்ந்துபோனது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தேநீர்க் கோப்பையை எடுக்க அவள் கை நீட்டினால், கை மடியில் இருந்தது, அடுத்து கோப்பையின் காதில் இருந்தது. நடுவில் அது கடந்திருக்க வேண்டிய வழியைக் காணோம். திரும்பிப் பார்த்தால் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது, பிறகு வாசல் பக்கம் இருந்தது. ஓரங்களில் படம் வரைந்த நோட்டை விரலால் படபடவென்று விடும்போது நடுவே சில தாள்கள் ஒட்டிக்கொண்டால் படம் எப்படித் துள்ளுமோ, அப்படி. அதே வாரத்தில் கோழி விலையும் ஏறியது. புளோக்கின் கீழ்த்தளத்தில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அவள் கணவன் அதீஃப் சாங்கியில் விமானச் சரக்குப் பிரிவில் இருந்தான். அது சம்பளத்துக்காகப் பார்த்த வேலை. அவனுடைய உண்மையான தொழில் ஜப்பானிய அனிமே சித்திரப் படங்களைப் பற்றிக் கருத்துச் சொல்வது. இதற்கு யாரும் அவனை நியமிக்கவில்லை. விலகச் சொல்லியும் அவன் விலகவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் தேக்கா உணவங்காடியில், பள்ளிக்கூடக் காலத்துக் கூட்டாளி நிதீஷை எதிரே உட்காரவைத்து, தே தாரிக் தேநீர் ஆறி ஆடை கட்டும்வரை தீர்ப்பு வழங்குவான். 'வாள் விழுங்கிகள்' தொடரில் கதாநாயகன் உறையிலிருந்து வாளை உருவ மூன்று வாரம் எடுத்துக்கொள்கிறான், அதற்குள் எதிரி பேரனையே எடுத்திருப்பான். 'நிலவின் தபால் நாய்கள்' முதல் சீசன் தங்கம். இரண்டாம் சீசனை எடுத்தவர்களை நிலவிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். 'மூடுபனியின் மகள்' படத்தில் மழைக்கு விருது கொடுக்கலாம், கதைக்கு ஒரு குடை கொடுத்து வீட்டுக்கு அனுப்பலாம். ராட்சத இயந்திரங்கள் மோதிக்கொள்ளும் 'இரும்புப் பூந்தோட்டம்' பற்றித் தனக்குக் கருத்தே இல்லை என்று சொல்லிவிட்டு அதற்குப் பிறகுதான் விரிவாகப் பேசுவான். அனிமேவைப் பொம்மைப் படம் என்று சொன்ன ஒருவரோடு இரண்டு பெருநாள் பேசாமல் இருந்தான். அவர் ஹம்னாவின் வாப்பா முகம்மது யூசுப். எந்தப் படமானாலும் அதீஃப், முடிவுப் பாட்டு முழுக்க ஓடி, வரைந்தவர்களின் பெயரெல்லாம் மேலே ஏறி மறையும்வரை எழுந்திருக்க மாட்டான். அதில் ஒரு பெயரும் அவனுக்குப் படிக்கத் தெரியாது.

இத்தனை கருத்துக்கும் அடியில் கொள்கை ஒன்றே ஒன்றுதான். விநாடிக்கு இருபத்து நான்கு படம் வரைந்திருக்க வேண்டும். கஞ்ச ஸ்டூடியோக்கள் எட்டை வரைந்து ஒவ்வொன்றையும் மும்முறை காட்டும். அதைவிட மோசமானவர்கள் ஒரே படத்தை நிறுத்திவைத்து வாயை மட்டும் அசைப்பார்கள். அதீஃபைப் பொறுத்தவரை அது பட்டப்பகல் களவு. ஹம்னா இதில் எதிர்க்கட்சி. இருவரும் முதன்முதலில் பார்த்துக்கொண்டதே ஓர் அனிமே விழாவின் நுழைவு வரிசையில்தான். 'மூடுபனியின் மகள்' படத்தில் தாய் வாசலில் நிற்கும் ஒரு காட்சி வரும். எதுவும் அசையாது, தலைமுடி மட்டும் காற்றில் பறக்கும். அதைச் சோம்பேறித்தனம் என்று அவன் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தபோது முன்னால் நின்ற பெண் திரும்பினாள். “ஹலோ, அந்த இடத்துலதான் லா மூச்சு விட முடியுது. படம் முழுக்கக் குதிச்சிட்டே இருந்தா எப்பப் பாக்குறது?” என்றாள். வரிசை நகர்ந்தது, சண்டை நகரவில்லை. நிக்காஹ் முடிந்து அவர்கள் மார்சிலிங்குக்குக் குடிவந்தபோது சண்டையும் கூடவே வந்தது.

மனைவியின் கை நடுவழியைத் தாண்டிக் குதிப்பதைப் பார்த்தால் வேறெந்தப் புருஷனும் பயந்திருப்பான். அதீஃபுக்குப் புரிந்துவிட்டது. அதுதான் கேடாகப் போயிற்று. ஸ்டூடியோக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு: தொடரின் நடுப்பகுதியில் ஆட்களைச் சும்மா உட்காரவைத்துப் பேசவிடுவார்கள், வாயைக்கூட வரைய வேண்டாம் என்று முதுகைக் காட்டுவார்கள். அப்படி மிச்சம் பிடித்ததையெல்லாம் கடைசி எபிசோடில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். அதைப் பார்த்தவர்கள் வாயடைத்துப் போவார்கள்.

“பயப்படாத, இது பட்ஜெட் விஷயம்தான் லா,” என்று நிதீஷிடம் சொன்னான். “மிடில் எபிசோட்ல சேத்து வைக்கிறாங்க. க்ளைமாக்ஸ்ல பாரு, என் பொண்டாட்டி பறப்பா.”

“யாருடா சேத்து வைக்கிறாங்க?”

“அது ப்ரொடக்‌ஷன் சைடு. நமக்கெதுக்கு?”

“ப்ரோ, ஒழுங்கா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. ப்ரொடக்‌ஷன் சைடை அப்புறம் விசாரிக்கலாம்.”

டாக்டரிடம் போனார்கள். அவர் பெரிய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். பெரிய டாக்டருக்கு நாள் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும் என்றார்கள். அந்த மாதங்களில் அதீஃப் தன் வாழ்நாளிலேயே முதன்முறையாகக் கருத்தை விட்டுவிட்டுக் காரியத்தில் இறங்கினான். ஹம்னா ஓர் அசைவும் வீணாக்கக் கூடாது என்று முடிவு செய்தான். சோறு அவன் ஊட்டினான். தலை அவன் வாரினான். தலைத்துணியான துடோங்கை அவன் சுற்றி, ஊசி குத்தி, கோணல் என்று அவள் சொன்னால் மறுபடி குத்தினான். லிஃப்ட் பொத்தானை அவள் விரல் நெருங்குவதற்குள் அவன் அழுத்தினான். ஆமாம் இல்லை என்று தலையாட்டாதே, வாயால் சொல் என்றான். அவ்வளவும் அன்புதான், பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஹம்னா மட்டும் வேறு சொன்னாள்.

“மச்சான், மூக்கு அரிக்குது.”

“இரு, நான் சொறியுறேன்.”

“நீங்க சொறியுறது வேற, நான் சொறியுறது வேற.”

“கொஞ்ச நாள்தான் புள்ள. கடைசில மொத்தமா வரும்.”

“மூக்கு இப்பத்தானே அரிக்குது?”

மூக்கைச் சொறிந்துவிட்டான், அது தவறான இடம்.

அந்த வருடக் கடைசியில் ஹம்னாவின் தங்கை நஸீஹாவுக்குத் தெம்பனிஸில் கல்யாணம். நஸீஹா பள்ளிக்கூடம் போன நாளிலேயே அக்காவிடம் வாக்கு வாங்கியிருந்தாள், இரண்டு கையிலும் அவள்தான் மருதாணி போட வேண்டும் என்று. கூம்பைப் பிடித்தபடி ஹம்னா வலது கையை முடித்துவிட்டாள். விரல்கள் கொடிக்குக் கொடி தாவினாலும் கோடு எங்கும் அறுபடவில்லை. இடது கையைத் தொடும் நேரத்தில் அதீஃப் ஆண்கள் பக்கத்திலிருந்து ஓடிவந்து கூம்பைப் பிடுங்கினான். மாமியார் மைமூன் வெற்றிலைத் தட்டோடு குறுக்கே நின்றார். “மாப்பிள்ள, இன்னும் ஒரு கைதானே. ஆசையா உட்கார்ந்திருக்கா, போட்டுட்டுப் போகட்டுமே.” அதீஃப் கெஞ்சுகிற குரலில், “மாமி, ஒரு கை மருதாணிக்கு எத்தனை படம் செலவாகும் தெரியுமா?” என்றான். மாமிக்குத் தெரியவில்லை. யாருக்கும் தெரியவில்லை. வேறு பெண்கள் போட்டுவிட வந்தபோது நஸீஹா கையை மூடிக்கொண்டாள். கல்யாணப் படங்களில் அவள் இடது கை வெறுங்கையாகவே இருக்கிறது.

பெரிய டாக்டர் சுஷ்மிதா என்ற இளம்பெண். கணினித் திரையை வெகுநேரம் பார்த்தார், பிறகு அதீஃப் தன் சேமிப்பு ஏற்பாட்டை விளக்குவதைக் குறுக்கிடாமல் கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

“சார், இது சேராது,” என்றார். “ஆன்யுவல் லீவு மாதிரி நினைச்சுக்குங்க. எடுத்தா உங்களுது. எடுக்கலைன்னா போயிடும். கேரி ஃபார்வர்ட் கிடையாது.”

“அப்ப இத்தனை மாசம் சேத்தது?”

“போனது போனதுதான் சார்.”

“எங்க போச்சு?”

டாக்டருக்கு அது தெரியவில்லை. மிச்சம் எவ்வளவு என்று கேட்டதற்கு, கையளவு என்றார். அந்தக் காலகட்டத்தில் ஹம்னாவுக்கு வாய் மட்டும் ஒழுங்காக அசைந்துகொண்டிருந்தது. அன்று ரயிலில் வீடு வரும்வரை அதையும் அவள் அசைக்கவில்லை. செலவழியாத அசைவுகள் எங்கே போயின என்பது இன்றுவரை தெரியாது. பதினோராம் மாடியில் மங்களம் என்பவர் வளர்த்த நாய் அந்த வருடம் ஓயாமல் துள்ளியது, ஆனால் அது குட்டி. குட்டிகள் துள்ளத்தான் செய்யும்.

மிச்சமிருந்த கையளவை எதற்குச் செலவழிப்பது என்பதில் அதீஃப் மறுபடி பழைய அதீஃப் ஆனான். அழுகையை மறைக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். சாங்கிக் கடற்கரைக்குப் போகலாம், பின்னணி நன்றாக இருக்கும் என்றான். தேக்காவில் பூக்கட்டும் கடைகளின் முன்னால் ஒருமுறை நடக்கலாம், நிறம் அங்கேதான் என்றான். நஸீஹாவை வரச்சொல்லி இடது கையை முடித்துவிடலாம் என்றும் சொன்னான். பிறகு கடைசி எபிசோடுகளின் வரலாற்றுக்குள் நுழைந்துவிட்டான். அது ஒரு சனிக்கிழமைச் சாயங்காலம், வெயில் எதிர் புளோக்கின் துணிக்கழிகளில் இருந்தது. 'தபால் நாய்கள்' முடிவில் அவசரப்பட்டார்கள், 'வாள் விழுங்கிகள்' முடியவே மாட்டேன் என்றது, 'இரும்புப் பூந்தோட்ட'த்தில் எல்லாரையும் கொன்றுவிட்டு அதைத் தத்துவம் என்றார்கள், நாம் அந்தத் தப்பெல்லாம் செய்யக்கூடாது ஹம்னா, என்று நாற்காலியை அவள் எதிரே இழுத்துப் போட்டு, மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே போனான்.

ஹம்னா கையை உயர்த்தினாள். ஒரு படமும் விடுபடவில்லை. மடியிலிருந்து கை கிளம்பியது, சட்டையின் கை ஒரு கணம் தாமதித்துப் பின்தொடர்ந்தது, வளையல் மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் சறுக்கியது, விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. இருபத்து நான்கும் இருந்தன என்று அதீஃப் பின்னால் சொன்னான். அவன் சொன்னதிலேயே நம்பத்தகுந்த கருத்து அதுதான். உள்ளங்கை அவன் வாயில் வந்து பதிந்தது.

“போதும் லா மச்சான்,” என்றாள். “சும்மா இருங்க கொஞ்ச நேரம்.”

கண்ணில் சிரிப்பு இருந்தது. அதோடு அவள் அசைவெல்லாம் நின்றுவிட்டது.

அவன் தலையைக் குனிந்து கைக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கூப்பிட்டுப் பார்த்தான், பிறகு மாமிக்குப் போன் செய்தான். வந்த டாக்டர்கள் நாடியைத் தொட்டுவிட்டு, இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மய்யித்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தது போல் வந்தவர்கள், விருந்தாளிகள் போல் தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். முகம்மது யூசுப் மட்டும் மருமகன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நாய்க் கதையைப் போடு, நானும் பார்க்கிறேன் என்றார். முதல் சீசனோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று அதீஃப் சொன்னதற்குச் சரி என்றார். வீடுவீடாகக் கணக்கெடுக்க வந்த அதிகாரி கூடத்தை எட்டிப் பார்த்து, குடியிருப்போர் இருவர் என்று பதிந்துகொண்டார். நஸீஹா வெள்ளிக்கிழமைகளில் வந்து அக்காவின் முகத்தை ஈரத்துணியால் துடைக்கிறாள். அவள் இடது கை எப்போதும் மூடியே இருக்கிறது. வெளியாட்கள் வந்தால் துடோங் போட்டுவிடுவார்கள், அப்போது அதன் ஓரம் அசையும். இல்லாதபோது விசிறிக் காற்றில் தலைமுடி மட்டும் பறக்கும். வேறெதுவும் அசையாது.

நிதீஷ் தேக்காவில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். 'தபால் நாய்கள்' மூன்றாம் சீசன் வந்துவிட்டது, எப்படி இருக்கிறது சொல்லு என்று அவன் செய்தி அனுப்பினால், நீ பார்த்துவிட்டுச் சொல்லு என்று அதீஃபிடமிருந்து பதில் வருகிறது. வேலை முடிந்து சாங்கியிலிருந்து வந்ததும் அதீஃப் கைகால் கழுவித் தொழுதுவிட்டு, அந்த நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டு, உயர்ந்தபடியே இருக்கும் அவள் உள்ளங்கை தன் வாயில் சரியாகப் பொருந்தும்வரை கொஞ்சம் முன்னே பின்னே நகர்ந்து உட்கார்கிறான். அவள் கை இன்னும் குளிரவில்லை. கோழி விலை அதற்குப் பிறகு இரண்டு முறை ஏறிவிட்டது. முடிவுப் பாட்டு முடியாமல் எழுந்திருக்கும் பழக்கம் அவனுக்கு இல்லை. பாட்டு இன்னும் தொடங்கவில்லை.