வெளியேற வழியில்லாத மூச்சு

இருபத்திரண்டு ஆண்டுகள் பஞ்சுத் தூசியையும் பீடிப் புகையையும் விழுங்கிய ராக்கப்பனின் நெஞ்சு, நாற்பத்தெட்டாம் வயதில் பீப்பாய் போல் உப்பி நின்றுவிட்டது. இராஜபாளையத்தில் பருத்தியிலிருந்து கொட்டை நீக்கும் ஜின்னிங் ஆலையில் மூட்டை சுமந்த மனிதர், இப்போது ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினார்.

மனைவி வெள்ளைத்தாய் செய்யாத வைத்தியம் இல்லை. ஊமத்தை இலையைக் கொளுத்திப் புகை காட்டினாள். அய்யனார் கோவிலுக்கு நேர்ந்துகொண்டாள். காற்றுப் போதவில்லை என்று தெருவே சொன்னதால் வேட்டியைத் தளர்த்தினாள், அரைஞாணைத் தளர்த்தினாள், கை ஓயும்வரை விசிறினாள். எதற்கும் இரைப்பு அடங்கவில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் ஆண்டு மாசியில், வண்டி கட்டி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

டாக்டர் தேவஇரக்கம் ஊசி போட்டார். தணிந்த இரைப்பு ஒரு மணி நேரத்தில் திரும்பியது. பிராணவாயு உருளை மதுரையிலிருந்து ரயிலில் வரவேண்டும், வந்தாலும் விரைவில் தீர்ந்துவிடும் என்று ஒளிக்காமல் சொன்னார். பிறகு ஆறு முழ வெள்ளைத் துணி கொண்டுவரும்படி நர்ஸ் கிருபாபாயை அனுப்பினார். அடிவயிற்றை இறுக்கிக் கட்டப் போகிறார்களாம்.

நனையாத புதுத்துணி, பிணத்துக்குப் போர்த்தும் கோடியைப் போலவே வெளுப்பாக வந்தது. வெள்ளைத்தாய் கட்டிலுக்குக் குறுக்கே நின்றாள்.

"உசிரோட இருக்கிற மனுசனுக்குக் கோடியா சுத்துதிய? மூச்சுக்குத் தவிக்கிறவியள இறுக்கிக் கொல்லவா நான் கூட்டியாந்தேன்?"

டாக்டர் சினக்கவில்லை. துணியை ஓரமாக வைக்கச் சொன்னார்.

"உன் ரெண்டு கையையும் அவரு அடிவயித்துல வை, தாயி. அவரு மூச்சை விடும்போது நெஞ்சுப் பக்கமா மேல அழுத்து. சரிப்படலன்னா இந்தத் துணிய நானே சுருட்டி வச்சிருதேன்."

அவள் அழுத்தினாள். மாதக்கணக்காய் அறுந்து அறுந்து வந்த மூச்சு, அவள் உள்ளங்கைகளுக்கு மேலே நீண்டு, நீண்டு, வெளியேறியது. அடுத்த மூச்சு தானாக உள்ளே இறங்கியது. அவள் மறுபடி அழுத்தினாள்.

உள்ளே காற்றுக்குப் பஞ்சமில்லை என்றார் டாக்டர். பழைய காற்றுதான் போக வழியின்றி அடைபட்டுக் கிடக்கிறது. அதன் பாரத்தில் நெஞ்சின் அடித்தசை தட்டையாகிவிட்டது. இறுக்கிக் கட்டிய வயிறு அதை மேலே தாங்கினால் மூச்சு நகரும். சிதைந்த நுரையீரல் மீண்டும் வளராது. ஆனால் நடக்கலாம், பேசலாம்.

மந்திரமில்லை, மாயமில்லை, ஒரு துணியும் ஒரு முடிச்சும்! இதைக் கண்டறிய மனித அறிவு எத்தனை காலம் நடந்திருக்கும்!

வெள்ளைத்தாய் கொஞ்சம் மஞ்சள் கேட்டாள். கிருபாபாய் சிரித்தாலும் கொண்டுவந்து கொடுத்தாள். துணியின் நுனியில் தடவியதும் கோடி என்ற அச்சம் அவளுக்குத் தீர்ந்தது. டாக்டர் சொல்லச் சொல்லத் தானே கட்டினாள்.

ராக்கப்பன் எழுந்தார். வாசல்வரை பன்னிரண்டு எட்டு வைத்து நடந்தார். நின்றார், திரும்பினார்.

"ஏட்டி, இம்புட்டு நாளா விசிறி விசிறியே என்னக் கொன்னுருப்ப போலயே!"

ஒரே மூச்சில் அத்தனை சொற்கள். வெள்ளைத்தாய் சிரிக்க மறந்து அவர் வாயையே பார்த்தாள்.

படுக்கும்முன் அவிழ்த்துவிட்டுக் காலையில் மறுபடி கட்டவேண்டும், வீட்டில் முடியுமா என்றாள் கிருபாபாய். வெள்ளைத்தாய் கணவரிடம் போனாள். முடிச்சை அவிழ்த்தாள், அவர் மூச்சு வெளியேறும் கணம்வரை காத்திருந்தாள், இழுத்துக் கட்டினாள்.